பச்சைக்கு ப, பிரவுனுக்கு பி

“இன்னுமா மேடம் கருப்பு வெள்ளை வச்சிருக்கீங்க?” என்று யாராவது கேட்டால் எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிடுகிறது. போன வாரம்கூட ஒருத்தர் கேட்டார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். நான் மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்த இ-ரீடரைப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து கலர் திரை வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினார். அட்டைப்படம் எல்லாம் எப்படித் தெரிகிறது பாருங்கள் என்றார். பார்த்தேன். தெரியத்தான் செய்தது. நீலம் போடாமல் வெளுத்த வேட்டி மாதிரி ஒரு வெள்ளை, அதில் நாலு தண்ணீரில் அலசிய மாதிரி ஒரு சிவப்பு. “நல்லா இருக்குங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்? அவருக்கு எங்கள் ஒயரிங் அண்ணனைத் தெரியாது.

அண்ணனின் பேரைச் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே ஒரு தடவை அவரைப் பற்றி வாயைத் திறந்து நான் செய்தது போதும்.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை ஒட்டி ஒரு வேன் ஒர்க்ஷாப். அங்கே நான் ஆறு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். வருகிற வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டு அட்டை எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒயர், பல்பு, பேட்டரி, ஹாரன் என்று கரண்ட் சம்பந்தப்பட்டதெல்லாம் அண்ணன் வேலை. ஐம்பதைத் தாண்டிய ஆள். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருவார். என்றைக்கும் வெள்ளைச் சட்டைதான். கிரீஸ் புழங்குகிற இடத்துக்கு எவனாவது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவானா? வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு வேலை பார்ப்பார். சாயங்காலம் அதே சட்டை, அதே வெள்ளை.

அவரிடம் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது கேள்விதான். எதற்கெடுத்தாலும் கேட்பார். தெருவில் காய் விற்கிற அக்காவிடம் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டே, “பழுத்துருச்சாக்கா?” என்பார். “கண்ணு முன்னாடிதான வச்சிருக்க, இது என்னண்ணே கேள்வி?” என்று அந்த அக்கா சிரிக்கும். பிரேக் லைட் மாட்டிவிட்டால் வண்டிக்குப் பின்னால் ஒரு ஆளை நிறுத்திவிட்டு, “எரியுதா? நல்லா எரியுதா மாப்ள? பளிச்சுண்டு எரியுதா?” என்று மூன்று தரம் கேட்பார். மெக்கானிக்குகள் அவருக்கு ‘கேட்டுருவோம்’ என்றே பட்டம் வைத்திருந்தார்கள். ஏனென்றால் அவர் வாயில் எப்போதும் அதுதான். “தெரியலண்டா கேட்டுருவோம் தாயி. கேட்டா வாயி வலிக்கவா போகுது?”

எனக்கு இது ஆகவே ஆகாது. என் அம்மா மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். எங்கள் வீட்டில் தெரியாது என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. தப்பாகச் சொன்னால் திருத்துவார்கள், தெரியாது என்று சொன்னால்தான் அடி. ஆகவே கேட்ட மறுநொடி எதையாவது சொல்லிவிட எனக்கு நல்ல பழக்கம்.

அவர் தொட்ட ஒவ்வொரு ஒயரிலும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் ஒரு எழுத்து எழுதியிருப்பார். சிவப்புக்கு சி, மஞ்சளுக்கு ம, நீலத்துக்கு நீ. பச்சைக்கு ப, பிரவுனுக்கு பி. “என்னண்ணே, பேர் வைக்கிற விசேஷமா?” என்று கிண்டலடிப்பார்கள். “பேரு இருந்தாத்தான மாப்ள கூப்புட முடியும்” என்று சொல்லிக்கொண்டே அடுத்த பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துக் கிழிப்பார்.

விஷயம் எனக்குத் தெரிந்தது சண்டையில்தான். அவசர வண்டிக்கு பிரவுன் அட்டை, மற்றதற்குப் பச்சை அட்டை என்று நான் புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். அண்ணன் ரெண்டு நாளாக அவசர வண்டியை விட்டுவிட்டு மற்றதை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். கல்யாண வீட்டு வேன்காரர் என்னிடம் வந்து கத்த, நான் நேராக அண்ணனிடம் போய்க் கத்தினேன். “கண்ணு தெரியலையாண்ணே உங்களுக்கு? எந்த அட்டை எதுன்னு பாத்து எடுக்க மாட்டீங்களா?” மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அண்ணன் கவுண்டருக்கு வந்தார்.

“தாயி, அட்டையில ‘அவசரம்’ண்டு எழுதிருங்களேன். எனக்கு ரெண்டும் ஒரே கலராத்தான் தெரியுது.”

நான் விளையாட்டு என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். பச்சையும் பிரவுனும் ஒன்று, சிவப்பு மங்கல். சின்ன வயசில் அவருடைய அம்மா கூலிக்கு மிளகாய்ப் பழம் பறிக்கப் போகும்போது இவரும் கூடப் போவாராம். பழத்தைப் பறி என்றால் பச்சை மிளகாயையும் சேர்த்துப் பறித்துப் போட்டுவிடுவார். காட்டுச் சொந்தக்காரர், “கண்ணு அவிஞ்சா போச்சு?” என்று எல்லோருக்கும் முன்னால் முதுகில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்த்துப் பறிக்கப் பழகிக்கொண்டார். வளர்ந்த பிறகு ஒரு சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணிவிட்டுக் கடைசியில் கண் பரிசோதனைக்குப் போனார். புள்ளி புள்ளியாக ஒரு படத்தைக் காட்டி, இதில் என்ன நம்பர் தெரிகிறது என்றார்களாம்.

“நம்பர் இருக்குண்டே எனக்குத் தெரியாது தாயி. ‘என்ன இருக்கு சார்?’ண்டு அவருட்டயே கேட்டேன். அம்புட்டுத்தான். ‘அடுத்த ஆளு வா’ண்டுட்டாங்க.”

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே எல்லா அட்டையிலும் கொட்டை எழுத்தில் ‘அவசரம்’ என்று எழுதினேன்.

“இது வெளிய போச்சுண்டா ஒரு பயலும் எங்கிட்ட வண்டிய விட மாட்டான். ரெண்டு பொட்டப் புள்ளைக படிச்சுக்கிட்டு இருக்கு. ஒங்க மனசோட இருக்கட்டும் தாயி” என்றார். இருக்கும் என்று சொன்னேன். அப்படியே சொன்னேன்.

அதன் பிறகுதான் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் எனக்கு அர்த்தம் புரிந்தது. சட்டை ஏன் வெள்ளை, தக்காளியை ஏன் கேட்கிறார், பிரேக் லைட்டுக்கு ஏன் மூன்று தரம். கலர் தெரிகிறவன் பார்த்து மாட்டுவான், பாதி நேரம் பராக்குப் பார்த்துத் தப்பாகவும் மாட்டுவான். இவர் எழுத்தைப் படித்து, கேட்டு, பேர் ஒட்டி, மறுபடி கேட்டு மாட்டுவார். நான் பார்த்து அதுவரைக்கும் அவர் மாட்டின வண்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அது எத்தனை பேருக்குத் தெரியும்?

இ-ரீடர் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்ததும் அவரால்தான். ஒவ்வொரு வண்டிக்கும் ஒயரிங் வரைபடம் உண்டு. எந்தக் கோடு எங்கே போகிறது, அது என்ன கலர் என்று பக்கத்திலேயே ஆங்கில எழுத்துப் போட்டிருக்கும். அதை அவர் போனில் பார்ப்பார். வேலை நடப்பதோ திறந்த வெளியில். ஒத்தக்கடை வெயிலில் போன் திரையில் என்ன தெரியும்? அவர் மூஞ்சிதான் தெரியும். கொஞ்ச நேரத்தில் போன் சூடாகித் தானே அணைந்துவிடும். நான் வாசல் பக்கம் நின்று என் சின்ன இ-ரீடரில் கதை படித்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் எட்டிப் பார்த்தார்.

“இந்தச் சிலேட்டு வெயில்லயும் காயிதம் மாதிரி தெரியுதே தாயி!”

முதலாளியிடம் நான்தான் பேசினேன். பெரிய திரை வைத்த கருப்பு வெள்ளை ஒன்று வாங்கிக் கொடுத்தார். அந்தச் சிலேட்டை அண்ணன் வைத்திருந்த பக்குவத்தைப் பார்க்க வேண்டுமே! பழைய சட்டைத் துணியில் உறை தைத்து, தொடுவதற்கு முன்னால் கையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் எடுப்பார். கோடு எல்லாம் கருப்பு, சாம்பல். கலர் என்பதே கிடையாது. ஆனால் எழுத்து? ஊசி முனை மாதிரி. உச்சி வெயிலில் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பிளாஸ்திரியில் எழுதுவார். கலரே இல்லாத அந்தத் திரைக்கு முன்னால் அவரும் மற்றவர்களும் ஒன்றுதான். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரெண்டு வருஷம் நன்றாகப் போனது. அப்புறம் வந்தது எக்ஸ்சேஞ்ச் ஆஃபர். பழசைக் கொடுத்துவிட்டு முதலாளி கலரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டறையில் அதைத் தொடுகிற ஒரே ஆள் அண்ணன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

“இந்தாப்பா, இனிமே எல்லாம் கலரு. கஷ்டப்பட்டு எழுத்தப் படிக்க வேண்டாம், பாத்தவொடனே தெரியும்.”

“பழசே போதும் மொதலாளி.”

“ஏன்?”

ஏன் என்று அவரால் சொல்ல முடியுமா? “பழகிருச்சு” என்றார். “உனக்கு எல்லாமே பழசுதான்யா வேணும்” என்று முதலாளி சிரித்தார். நானும் அங்கேதான் நின்றேன்.

அந்தக் கலர் திரையின் லட்சணத்தைச் சொல்கிறேன். நல்ல வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்தால் கலர் தெரியும், பொய் சொல்லக் கூடாது. நிழலுக்கு வந்தால் எல்லாம் மண்ணும் சாம்பலும். உள்ளே இருக்கிற விளக்கைக் கூட்டினால் சார்ஜ் இறங்கிவிடும். எல்லாவற்றையும்விட மோசம், எழுத்து. வெறும் கருப்பு எழுத்தாக இருந்தால் பரவாயில்லை. எங்கள் வரைபடத்தில் கோட்டின் கலரிலேயே எழுத்தும் இருக்கும். அதைக் கலரில் காட்டும்போது கூர்மை பாதியாகப் போய், பூஞ்சை பிடித்த மாதிரி ஆகிவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் புதுப் பக்கத்துக்குப் பின்னால் பழைய பக்கத்தின் நிழல் நிற்கும். ஆக, அவருக்குத் தெரிந்துகொண்டிருந்த எழுத்தைப் பிடுங்கிக்கொண்டு, அவருக்குத் தெரியவே தெரியாத கலரைக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, வசதி செய்து கொடுத்தோம் என்று சொன்னார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

என் சின்ன இ-ரீடரில் வரைபடத்தை ஏற்றிக் கொடுத்துப் பார்த்தேன். அவ்வளவு அகலப் படம் அந்த உள்ளங்கைத் திரையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கடைசியில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்து நான் தாளில் எழுதிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம். அவருடைய எழுத்துகளே: ப, பி, சி, ம. கம்ப்யூட்டர் இருந்தவரைக்கும் ஒரு தப்பும் வரவில்லை.

ஒரு நாள் மாதாந்திர பவர்கட். கம்ப்யூட்டர் இல்லை, டவரும் போய்விட்டதால் போனிலும் படம் திறக்கவில்லை. ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது, பின்பக்க ஒயரை எலி கடித்து நாசம் பண்ணியிருந்தது. பேட்டரியும் இறங்கிப்போய்ச் சார்ஜ் ஏற வழியில்லாமல் கிடந்ததால் ஒயரில் கரண்ட் விட்டுச் சோதிக்கவும் முடியவில்லை. எந்த ஒயர் பச்சை, எது பிரவுன் என்று வேன் டிரைவரிடம் கேட்டுப் பேர் ஒட்டிவிட்டார். அதில் எது பிரேக் லைட்டுக்கு, எது பார்க்கிங் லைட்டுக்கு என்பதுதான் கேள்வி. அது வரைபடத்தில் இருந்தது. அவர் கலர் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார்.

“இதக் கொஞ்சம் பாத்து எழுதித் தாங்க தாயி. எழுத்துக் கலங்கலா இருக்கு.”

இருட்டடித்த ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தேன். ரெண்டு கோடு. ரெண்டும் ஒரே அழுக்குக் கலர். பக்கத்தில் இருந்த எழுத்து ஜி-யா பி-யா, தெரியவில்லை. பெரிதாக்கினேன், நிழல் விழுந்தது. கவுண்டரில் மூன்று பேர் நின்றார்கள். வேன் டிரைவர் வெளியிலிருந்து, “பிள்ளைகள எடுக்கணும், வெரசா பாருங்க” என்று கத்தினார். எழுந்து இருபது அடி நடந்து வெயிலில் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் எழுந்திருக்கவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பச்சையும் பிரவுனும் ஒன்றாகத் தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தேன். ஆனால் அவர் செய்வதை நான் செய்யவில்லை. பார்க்கிங்குக்கு ப, பிரேக்குக்கு பி, அதாவது பார்க்கிங் பச்சை, பிரேக் பிரவுன் என்று எழுதினேன். குத்துமதிப்புதான்.

“நல்லாத் தெரிஞ்சுச்சா தாயி?”

“தெரிஞ்சுச்சுண்ணே.”

அவர் மாட்டினார். அப்போதுதான் வந்து நின்ற வேறு வண்டியின் பேட்டரியை வைத்து டிரைவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பின்னால் ஒரு மெக்கானிக்கை நிறுத்தி வழக்கம்போல மூன்று தரம் கேட்டார். “எரியுதுண்ணே, எரியுதுண்ணே, ஆள விடுங்க” என்றான் அவன். எரியத்தான் செய்தது. ஒரே பல்புக்குள் ரெண்டு இழை இருக்கும். பார்க்கிங்குக்குச் சின்னது, பிரேக்குக்குப் பெரியது. ஒயர் மாறினதால் பிரேக்கை மிதித்தால் சின்னது எரிந்தது. வெயிலில் அந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியவில்லை, சிவப்பின் பிரகாசம் அண்ணனுக்கு என்றைக்குமே தெரியாது.

மறுநாள் சாயங்காலம் மசங்கல் நேரத்தில், ஹெட்லைட் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு போன வேன் ஒரு ஸ்டாப்பில் பிரேக் போட்டிருக்கிறது. பெரிய இழை முதலிலிருந்தே எரிந்துகொண்டிருந்ததால் வேன் நிற்கப்போகிறது என்று பின்னால் பைக்கில் வந்தவருக்குத் தெரியவில்லை. பின்பக்கம் வந்து மோதினார். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். பைக்கில் வந்தவருக்கு மணிக்கட்டு முறிந்தது.

விஷயம் தெரிந்த காலையில் நான் முதலில் செய்தது, அந்தச் சிலேட்டை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனதுதான். இருபது அடி. சுத்தமாகத் தெரிந்தது. பிரேக்குக்குப் பச்சை.

பத்து மணிக்கு முதலாளி பட்டறை நடுவில் அண்ணனை நிறுத்தினார். சுற்றிலும் எல்லா மெக்கானிக்கும், வேன் டிரைவரும், நானும்.

“இத்தன வருஷம் வேலை பாத்து ரெண்டு ஒயரு மாட்டத் தெரியலையாய்யா உனக்கு?”

“தப்பு நடந்துபோச்சு மொதலாளி.”

“எப்படி நடந்துச்சு?”

அண்ணன் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. தாளைப் பார்த்துத்தான் மாட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தாள் அவர் பாக்கெட்டில்தான் இருந்தது.

“புள்ளைக போற வண்டிய்யா! கண்ணு அவிஞ்சா போச்சு?”

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

“ஆமா சார், தெரியாது! அவருக்குப் பச்சையும் பிரவுனும் தெரியாது, பொறந்ததுலேருந்தே தெரியாது! எழுத்தப் படிச்சுத்தான் இம்புட்டு வருஷமா ஒரு தப்பில்லாம மாட்டிக் குடுத்தாரு. நல்லா இருந்த கருப்பு வெள்ளையப் புடுங்கிட்டு இந்தப் பாடாவதி கலரக் குடுத்தது யாரு? ஒரு வார்த்தை கேட்டீங்களா அவர்ட்ட? இது ஒங்க தப்பு சார்!”

இன்னும் என்னென்னவோ சொன்னேன். திரையின் வெள்ளையைச் சொன்னேன், எழுத்தின் கூர்மையைச் சொன்னேன், எக்ஸ்சேஞ்ச் ஆஃபரைச் சொன்னேன். ஒவ்வொன்றும் உண்மை. தாள் எழுதினது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

முதலாளி நான் சொன்னதில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

“கலரே தெரியாத ஆளையா நான் ஒயரிங்குக்கு வச்சிருந்தேன்?”

மெக்கானிக்குகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் தான் வேலை பார்த்துக்கொண்டிருந்த வண்டியில் அண்ணன் ஒட்டின பிளாஸ்திரி ஒன்றைத் தூக்கிப் பார்த்தான். கணக்கு முடித்து அனுப்ப மத்தியானம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் சாயங்காலத்துக்குள் சேதி போய்விட்டது.

அண்ணன் கையைக் கழுவினார். ஆணியில் இருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கவுண்டருக்கு வந்து, பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“பத்திரமா வச்சுக்கங்க தாயி. கீழ கெடந்தா யாராச்சும் எடுத்துருவாங்க.”

நான் அதைத் தொடவில்லை. அவர் குரலில் கோபம் இல்லை, தக்காளி பழுத்துவிட்டதா என்று கேட்கிற அதே குரல்.

“அன்னைக்கு ஒங்களுக்கு நெசமாவே தெரிஞ்சுச்சா?”

“தெரிஞ்சுச்சுண்ணே” என்றேன்.

“அப்பச் சரி” என்றார். “எதுக்கும் கேட்டுருவோம்ண்டுதான் கேட்டேன்.”